தளிர்நடைப் பிள்ளையும் தூரதேசத்து வெயிலும்: கசார்வாடிச் சான்றுகளை முன்வைத்து ஒரு முன்னாய்வு

1. ஆய்வின் தேவை

தமிழில் வெயிலைப் பற்றி எழுதப்பட்டவை பல. குழந்தையைப் பற்றி எழுதப்பட்டவை அதனினும் பல. வெளிநாட்டுப் பயணத்தைப் பற்றியோ போய்வந்தவர் எல்லாரும் எழுதிவிட்டனர். போகாதவர் சிலரும் எழுதியுள்ளனர். ஆயின் இம்மூன்றையும் ஒருங்கே வைத்து, இரண்டு வயது நிரம்பாத பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு வெயில் காயக் கடல் கடப்பது எங்ஙனம் என்று ஆராய்ந்தார் எவரும் இலர். இவ்விடைவெளியை நிரப்பவே இக்கட்டுரை எழுந்தது. இடைவெளி இருக்கிறது என்பதற்காகவே அதை நிரப்பியாக வேண்டுமா என்று கேட்பவர்கள் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்யாதவர்கள்.

2. ஆய்வுக் களம்

கசார்வாடி, பிம்ப்ரி-சிஞ்ச்வட் மாநகராட்சிக்கு உட்பட்டது. இங்கே புனே-லோனாவாலா லோக்கல் நிற்கும். 2022 மார்ச் 6 முதல் மெட்ரோவும் நிற்கிறது. ஜூன் பாதியில் வெயில் நின்றுவிடும்.

புனே வட்டாரம் மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் இருக்கிறது, லோனாவாலாவோடு ஒப்பிட்டால் இங்கே பெய்வது மழையே அன்று என்பர் புவியியலார். புவியியலார் துணி துவைப்பதில்லை. ஜூலை மாதத்தில் குழந்தையின் ஜட்டி காய்வது குறித்து இங்கே இரு கொள்கைகள் வழங்குகின்றன. என்றாவது காயும் என்பது ஒன்று. காயாது, ஃபேனுக்கு அடியில் தொடங்கி இஸ்திரிப் பெட்டியில்தான் முடிக்க வேண்டும் என்பது மற்றொன்று (மாடிவீட்டு ஆஜி, அதாவது மராத்தியில் பாட்டி, வாய்மொழி).

இந்திய வானிலைத் துறையின் தலைமையிடம் 1928இல் சிம்லாவிலிருந்து புனேவுக்கு இறங்கி வந்தது. பின்பு அது தில்லிக்குப் போய்விட்டாலும், சிவாஜிநகரில் உள்ள கட்டடத்தை ஊரார் இன்றும் ‘சிம்லா ஆபீஸ்’ என்றே சொல்கின்றனர். வானிலை அறிந்தவர்களே வெயில் தேடி ஊர் மாறியிருக்கும்போது, கசார்வாடியில் ஒரு குடும்பம் அதே காரியத்தைச் செய்ய நினைப்பது மரபுக்கு மாறானதன்று. (அவர்கள் வெயில் தேடித்தான் வந்தார்கள் என்பதற்கு ஆவணம் இல்லை. ஆவணம் இல்லாதது கருதுகோளுக்கு நல்லது.)

3. வெயிலின் வகைகள்

வெயில் இருவகைப்படும்: இலவச வெயில், கட்டண வெயில்.

இலவச வெயிலுக்கு வேலூர். இதற்குமேல் உரை தேவையில்லை. “வெயில்தானே வேணும்? இங்க வாங்களேன் மாப்பிள்ளை, மொட்டை மாடி சும்மாதானே கெடக்குது” (மாமியார், வாட்ஸ்அப் குரல்பதிவு, குக்கர் விசில் இடைச்செருகல் நீங்கலாக).

கட்டண வெயில் கடலோடு கூடியது. பணம் கட்டி அதனிடம் சென்றபின், அதனிடமிருந்து தப்பிக்கக் குடை, தொப்பி, களிம்பு ஆகியவற்றுக்கு மறுபடி பணம் கட்டுவது இதன் சிறப்பிலக்கணம். புற ஊதாக் குறியீடு 3ஐத் தொட்டாலே தோலைக் காத்துக்கொள்ளச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். 11ஐத் தொட்டால் உச்ச அபாயம் என்கிறது. நம் பக்கத்துக் கடற்கரைகளில் வெயில் நாளின் நண்பகலில் 11 என்பது சர்வசாதாரணம். ஆகவே வெயிலுக்காகச் சென்ற குடும்பம், வெயில் உள்ள பொழுதெல்லாம் அறையில் திரைச்சீலையை இழுத்துவிட்டு ஏசியில் தூங்க வேண்டும் என்றாகிறது. தொல்காப்பியர் நண்பகலையும் வேனிலையும் பாலைக்கு ஒதுக்கினார். பிரிவு அதற்கு உரிப்பொருள். குழந்தையின் தொப்பியை எடுத்துவைக்க வேண்டியவர் யார் என்று ஒரு கணவனும் மனைவியும் மதியம் பன்னிரண்டு மணிக்குக் கடற்கரையில் நின்று பேசுவதை அவர் நேரில் கண்டிருக்க வேண்டும்.

4. தொல்காப்பியத் தடை

கடல்வழிப் பயணத்தில் பெண்ணை உடன் அழைத்துச் செல்லும் வழக்கம் இல்லை என்கிறது அகத்திணையியல். குழந்தையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாதது விலக்கப்படாதது ஆதலின், தந்தை மட்டும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகலாம் என்பது பெறப்படும். இவ்விளக்கத்தை என் மனைவி உடனே மனமார ஏற்றுக்கொண்டார். அந்த வேகம் எனக்குக் கலக்கம் தந்தமையால், விமானம் கடலுக்கு மேலே செல்வதேயன்றிக் கடலில் செல்வதன்று என்று புறனடை கண்டு சூத்திரத்தைக் கடந்தேன்.

5. பதினோராம் பருவம்

இக்கட்டுரையின் உயிர்நாடி இந்த இயலே. மற்றவற்றைப் படிக்காமலும் விடலாம்.

பிள்ளைத்தமிழ் குழந்தைப் பருவத்தைப் பத்தாக வகுக்கும். பரவலாக வழங்கும் கணக்குப்படி காப்பு மூன்றாம் மாதம். பிறகு இரண்டிரண்டு மாதமாகச் செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி என்று ஏறும். ஆண்பிள்ளைக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்றும் பெண்பிள்ளைக்குக் கழங்கு, அம்மானை, ஊசல் என்றும் கடைசி மூன்று வர, இருபத்தோராம் மாதத்தோடு நூல் முடியும்.

விமான நிறுவனங்களுக்கும் ஒரு பாட்டியல் உண்டு. இரண்டு வயது நிரம்பும் வரை பிள்ளை மடியில் வரலாம். பன்னாட்டுப் பயணத்தில் அதற்குப் பெரியவர் கட்டணத்தில் பத்தில் ஒரு பங்கு என்பது பழைய வழக்கு. இரண்டாம் பிறந்தநாள் வந்துவிட்டால் தனி இருக்கை, தனிக் காசு. போகும்போது மடியும் திரும்பும்போது பிறந்தநாளும் வாய்த்தால், திரும்பும் வழிக்கு இருக்கை வாங்கியாக வேண்டும்.

இனிக் கணக்கிடுக. 3, 5, 7 என்று ஒற்றைப்படையில் ஏறி 21இல் நிற்கும் வரிசையில் அடுத்து வரவேண்டியது 23. மடியுரிமை முடிவதோ 24 மாதம் நிரம்பும்போது. அப்படியானால் இருபத்து மூன்றாம் மாதத்துக்குரிய பருவம் எங்கே? பத்து என்பது நிறைவான எண், அதனால் நிறுத்திக்கொண்டார்கள் என்பார் மேலோட்டமாகப் படிப்பவர். ஆழ்ந்து படிப்பவர்க்கு உண்மை விளங்கும்: பதினோராம் பருவம் ஒன்று இருந்தது; அது விமானப் பருவம்; கடல்கோளில் போயிற்று.

கடல்கோளில் போன நூல்களிடம் ஒரு பெரிய வசதி உண்டு. அவற்றில் என்ன இருந்தது என்பதை நாமே சொல்லிக்கொள்ளலாம். ஊர் ஊராக அலைந்து, செல்லரித்த ஏடுகளை வரிக்கு வரி ஒப்பிட்டு அச்சேற்றிய உ.வே.சாமிநாதையருக்கு இந்தக் குறுக்குவழி தோன்றாதது நம் நல்லூழ்.

அகச்சான்றுகளும் உள. எஞ்சிய பத்துப் பருவங்களிலும் விமானத்தின் நினைவு மங்கலாகப் படிந்திருக்கிறது. காப்பு: மடிப்பிள்ளைக்குத் தரப்படும் துணைப் பட்டை. சப்பாணி: முன்னிருக்கைக்காரரின் வழுக்கைமேல் கைகொட்டுதல். முத்தம்: முன்பின் தெரியாத பக்கத்து இருக்கைக்காரருக்கு, எச்சிலோடு. சிறுபறை: சாப்பாட்டுத் தட்டை மடக்கியும் விரித்தும் முழக்குதல். சிறுதேர்: விமான நிலையத் தள்ளுவண்டியில் பெட்டிகளுக்கு மேல் பிள்ளை, பின்னால் வடம்பிடிக்கும் தந்தை. ஊசல்: காற்றுக் குலுக்கல். தாலாட்டு மட்டும் இறங்கும்போது உதவாது. காதடைப்பு நீங்கப் பிள்ளை எதையாவது சப்பி விழுங்கிக்கொண்டிருக்க வேண்டும் என்பது மருத்துவர் மதம்.

அம்புலிப் பருவம் தனித்து நோக்கற்குரியது. நிலாவைக் குழந்தையோடு விளையாட அழைக்கும் இப்பருவத்தில் சாமம், தானம், பேதம், தண்டம் என்ற நால்வகை உபாயங்களும் ஆளப்படும். பத்துப் பருவங்களில் நிலாவுக்கு ஒன்று உண்டு. ஞாயிற்றுக்கு ஒன்றும் இல்லை. முன்னோர்க்குக் களிம்பின் விலை தெரிந்திருக்கிறது. நால்வகை உபாயம் வெயில் தொப்பிக்குப் பொருந்துமா என்று கசார்வாடியில் என் வீட்டு பால்கனியில், தூறலுக்கிடையே, களஆய்வு நடத்தினேன்.

சாமம்: “தங்கம்ல, தொப்பி போட்டா பாப்பா ராணி மாதிரி இருப்பா.” பிள்ளை தலையை ஆட்டினாள், தொப்பி விழுந்தது. தானம்: ஒரு பார்லே-ஜி. பிஸ்கட் ஏற்கப்பட்டது, தொப்பி மறுக்கப்பட்டது. பேதம்: “போடலேன்னா பக்கத்து வீட்டுத் தம்பிக்குக் குடுத்துருவேன்.” அவளே எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வந்தாள். தண்டம்: குரலைச் சற்று உயர்த்தினேன். மாடிவீட்டு ஆஜி இறங்கி வந்தார், தண்டம் எனக்குக் கிடைத்தது (மாடிவீட்டு ஆஜி, வாய்மொழி, திருத்தியும் விரித்தும் எழுதிய இரண்டாம் பதிப்பு, படிக்கட்டு வெளியீடு, நான்கு மாடிக்கும் கேட்டது).

6. விமானப் பயணம்

ஏறி இறங்க வேண்டும்.

7. கடவுச்சீட்டு

2023 அக்டோபர் 1 அன்றோ அதன் பின்னரோ பிறந்தவர்க்குப் பிறந்த தேதியைக் காட்டப் பிறப்புச் சான்றிதழ் ஒன்றே செல்லும் என்று பாஸ்போர்ட் விதி திருத்தப்பட்டுள்ளது. செவிவழிச் செய்தி, நடை ஒப்பீடு, ‘இவர் அவருக்கு முந்தியவராகலாம்’ என்ற ஊகம் எதுவும் எடுபடாது. இவ்விதியைச் சங்க நூல்களின் காலக்கணிப்புக்கும் நீட்டியிருந்தால் பல்கலைக்கழக நூலகங்களில் அலமாரிகள் மிஞ்சியிருக்கும்.

நான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு முண்ட்வா பாஸ்போர்ட் சேவா கேந்திரத்துக்குப் போகும்போது படத்தை நாமே கொண்டுபோக வேண்டும்: 4.5க்கு 3.5 சென்டிமீட்டர், வெள்ளைப் பின்னணி. பின்னணிக்கு என் பொங்கல் வேட்டி உதவிற்று. சிறுவர் பாஸ்போர்ட் ஐந்தாண்டு செல்லும். ஆகவே வேட்டிமேல் மல்லாந்து கிடந்து அழுத இந்த முகத்தைக் காட்டித்தான் அவள் ஒன்றாம் வகுப்பு வரை எல்லை கடப்பாள். அடையாளம் காண்பது குடியகல்வு அதிகாரிகளின் கல்வெட்டியல் புலமையைப் பொறுத்தது.

8. இடத் தேர்வு

முதலில் வெளிநாடு எது என்று வரையறுக்க வேண்டும். நம் கல்லூரிகளில் இலங்கையிலிருந்து ஒருவர் ஜூமில் பத்து நிமிடம் பேசிவிட்டால் கருத்தரங்கம் ‘பன்னாட்டு’ ஆகிவிடுகிறது. அந்த அளவுகோலில் திருகோணமலை நண்பர் ஒருவருக்கு வீடியோ கால் போட்டாலே விடுமுறை நிறைவேறிவிடும். இம்முடிபு வீட்டு ஆய்வுக்குழுவில் ஒரு வாக்கு வித்தியாசத்தில் தோற்றது. வாக்குகள் இரண்டு, ஒன்று செல்லாது என அறிவிக்கப்பட்டது.

எங்கள் பிள்ளைக்கு விமானப் பருவம் ஜூலையில் விழுகிறது. ஜூலைக்கு மொரிஷியஸ்: அங்கே குளிர்காலம். மாலத்தீவு: அங்கேயும் இதே தென்மேற்குப் பருவமழை. துபாய்: அதற்கு வேலூரே போதும். பாலி: வெயில் உண்டு, மடியில் பிள்ளையோடு கழிக்க வேண்டிய நேரமும் உண்டு. எஞ்சுவது திருகோணமலை. தென்மேற்குப் பருவக்காற்று இலங்கையின் மேற்குச் சரிவில் கொட்டித் தீர்த்துவிட்டு, நடுமலையைத் தாண்டி உலர்ந்துபோய்க் கிழக்கே இறங்குகிறது. எனவே மே முதல் செப்டம்பர் வரை அக்கரையின் நிலாவெளியிலும் பாசிக்குடாவிலும் நல்ல வெயில். அவர்களுக்குப் பெருமழை வடகிழக்குப் பருவத்தில்தான். மேற்குத் தொடர்ச்சி மலை வேலூருக்குச் செய்யும் அதே உபகாரத்தைத்தான் நடுமலை திருகோணமலைக்குச் செய்கிறது. இவ்வுண்மை மாமியாருக்குத் தெரிவிக்கப்படவில்லை.

வழி: விரைவுச்சாலையில் மும்பை, கண்டாலா மலைப்பாதையில் வாந்தி, கொழும்பு விமானம், கட்டுநாயக்காவிலிருந்து சாலையில் சுமார் 250 கிலோமீட்டர்.

நிலாவெளி மணலில் பிள்ளை சிற்றில் சிதைக்கலாம். பிறர் கட்டியதைச் சிதைப்பதே மரபு. மணலைத் தின்பதற்குத்தான் பருவம் வகுக்கப்படவில்லை. கோணேசர் கோயில் குன்றின்மேல் நின்றால் கடல் தெரியும். பிள்ளைக்கு ஆடுதான் தெரியும், நின்றால். ஆனால் எங்கள் பயணத்தின் கருப்பொருள் கன்னியா வெந்நீரூற்று. பக்கத்தில் பக்கத்தில் ஏழு சிறு கிணறுகள். ஒவ்வொன்றிலும் வெந்நீர் வெவ்வேறு சூட்டில். இராவணன் தன் தாய்க்கு ஈமக்கடன் செய்ய உண்டாக்கியவை என்பது ஐதிகம். குழந்தையைக் குளிப்பாட்டவே உண்டாக்கினான் என்பது என் துணிபு. ஏழு பதத்தில் வெந்நீர் வேறு யாருக்குத் தேவை? ஒரே வாளியில் ‘சுடுது’, ‘ஜில்லுங்குது’, மறுபடி ‘சுடுது’ என்று மாறி மாறிக் கேட்ட தகப்பன்தான் ஏழாவது கிணற்றை வெட்டியிருக்க முடியும் (ஒப்புநோக்குக: பால் கணக்கு நோட்டு, பின்னட்டையின் உட்புறம், டீக்கறைக்கு மேலே, என் கையெழுத்து, அதன் ஓரத்தில் ‘ஹீட்டரை அணைக்கவும்’ என்ற பிற்காலக் குறிப்பு, என் மனைவியின் கை).

9. மறுப்பும் விடையும்

‘இந்த வயசுல போனா பிள்ளைக்கு ஒன்றும் நினைவிருக்காதே’ என்பர். கருத்தரங்கக் கட்டுரைகளும் எவர்க்கும் நினைவிருப்பதில்லை. வாசித்தவர்க்குச் சான்றிதழ் மறுக்கப்படுகிறதா?

பிள்ளையின் கருத்தைக் கேட்டீரா என்பர். கேட்டேன். நாசிக் ஃபாட்டா மேம்பாலத்துப் பக்கம் தூக்கிக்கொண்டு போய், “பாப்பா எங்க போலாம்?” என்று வினவியபோது “மெட்டோ” என்றாள். மெட்ரோ என்று பாமரர் பொருள் கொள்வர். நச்சினார்க்கினியர் காட்டிய வழியில், தொலைவில் கிடக்கும் சொற்களை இழுத்துவந்து மாட்டினால் உண்மைப் பொருள் வெளிப்படும். முந்தாநாள் குளியலறையில் சொன்ன “தண்ணி”, நேற்று ஆஜி வீட்டில் சொன்ன “போ”, அதற்கும் முன்தினம் தயிர்சாதத்தைப் பார்த்துச் சொன்ன “வேணாம்” ஆகியவற்றைக் கூட்டி, இன்றைய “மெட்டோ”வின் முன் வைக்க, ‘மெட்ரோ வேண்டாம், தண்ணீருள்ள ஊருக்குப் போ’ என முடிந்தது. அது திருகோணமலையே.

மாறுபட்ட கருத்துக்குக் காண்க: மாமியார், குரல்பதிவுத் தொகுதி, வேலூர்க் காண்டம், ‘அங்க போய் வெயில்ல நிக்க இங்க நின்னா என்ன’ எனத் தொடங்கும் பகுதி, கோழி கூவும் இடம்வரை; அதனை மறுத்து, அல்லது உடன்பட்டு, மாமனார் இருமியது; இருமல் மறுப்பே என்று என் மனைவி கண்ட உரை; உடன்பாடே என்று மாமியார் அதற்குச் சொல்லும் உரைவிளக்கம், போன் ஸ்பீக்கரில், இன்னும் முற்றுப்பெறவில்லை.