‘இர்.’ ஆகப் போற தம்பிக்கு ஒரு மண்டோர் சொல்றது

ஏன் தம்பி, கண்ணுக்குக் கீழ ரெண்டு பக்கமும் கறுத்துக் கெடக்கு? ராத்திரி முழுக்கப் படிப்பா? நல்லது, நல்லது. முழு எஞ்சினியராகி, பேருக்கு முன்னாடி ‘இர்.’னு ரெண்டு எழுத்து ஒட்டணும்னா சும்மாவா?

உன் மேசையையும் பார்த்தேன். மஞ்சள், பச்சை, ரோசுன்னு மார்க்கர் பேனா ஒரு டப்பா. சுவரு தெரியாம ஒட்டுத்தாளு. போனுல டெலிகிராம் குழு நாலு. ஒண்ணுல ‘போன தடவை கேட்ட கேள்வி’. இன்னொண்ணுல ‘எக்சாமினருக்குப் பிடிச்ச பதிலு’. மூணாவதுல ஒருத்தன் கேக்குறான்: கோட்டு போடணுமா, டை மட்டும் போதுமா? அதுக்கு ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் பட்டிமன்றம். நாலாவது எதுக்கு? மத்த மூணுலயும் என்ன பேசுனாங்கன்னு சொல்றதுக்காம்!

உங்கம்மா வேற ராஜகாளியம்மன் கோயில்ல அர்ச்சனைச் சீட்டு எடுத்துட்டா. 3 லட்சம் கண்ணாடித் துண்டுக்கு நடுவுல உக்காந்து அம்பா எல்லாத்தையும் பார்த்துகிட்டுதான் இருக்கா. உன் லாக் புக்கை மட்டும் பார்த்துடக் கூடாதுன்னு நீ தனியா வேண்டிக்க.

புத்தி சொல்ல நான் யாரு? பொதுப்பணி இலாகா ஜேகேஆர்ல ரோட்டு வேலை பார்த்த மண்டோர். தார் வாளி தூக்கி, அப்புறம் தார் வாளி தூக்குறவனைத் திட்டுற உத்தியோகத்துக்கு வந்தவன். படிப்பு, தமிழ்ப்பள்ளி ஆறாம் வகுப்போட சரி. ஆனா எஞ்சினியருங்களை நெறைய பார்த்திருக்கேன். புதுசா வரும்போது பூட்ஸு பளபளன்னு இருக்கும். எத்தனை நாள்ல சேறாகுதுன்னு பார்த்தே, இவன் தேறுவான், இவன் தேறமாட்டான்னு நாங்க பேசிக்குவோம். பெரும்பாலும் தப்பினதில்ல.

உன் பரீட்சை என்னன்னு கிழவனுக்குத் தெரியாதுன்னு நெனைக்காத. நம்ம மலேசியாவுல 1967-ல போட்ட எஞ்சினியர் பதிவுச் சட்டம் இருக்கு. டிகிரி வாங்கினதும் எஞ்சினியர் போர்டுல கிராஜுவேட் எஞ்சினியர்னு பேரு பதியணும். அதுக்கு மேல குறைஞ்சது 3 வருஷம் வேலை பார்த்த அனுபவம் வேணும். சிவில்காரன்னா டிசைனும் தெரியணும், சைட்டும் தெரியணும். பிறகு அனுபவ அறிக்கை, டிசைன் கணக்கு, வரைபடம் எல்லாத்தையும் கட்டித் தூக்கிட்டுப் போயி, தலை நரைச்ச எஞ்சினியருங்க முன்னால உக்காரணும். அவங்க துருவித் துருவிக் கேப்பாங்க. அதோட கட்டுரையும் எழுதணும். உன் வேலையப் பத்தி ஒண்ணு, தொழில் நெறியப் பத்தி ஒண்ணு. போர்டு வழியாப் போனாலும் சரி, ஐஇஎம் எஞ்சினியர் சங்கத்து வழியாப் போனாலும் சரி, சாரம் இதுதான்.

இப்ப சொல்லு. இதுல எந்த இடத்துல மார்க்கர் பேனா வருது?

அங்கதான் உனக்கும் எனக்கும் தகராறு. பரீட்சை அடுத்த மாசம்னு நீ நெனைக்குற. அது 3 வருஷமா நடந்துகிட்டே இருந்துச்சுடா தம்பி. நீதான் வெளிய நின்னு கோப்பி குடிச்சுகிட்டு இருந்த. இப்ப அடிச்சுப் பிடிச்சு ஓடி வந்து, கேள்வித்தாளு எங்கங்குற. சட்டியில இருந்தாத்தானே அகப்பையில வரும்?

லாக் புக்கைக் காட்ட வேணாம். நானே சொல்லிடுறேன். முதல் பத்து பக்கம் அழகா இருக்கும். அப்புறம் ரெண்டு வருஷம் வெள்ளையாக் கெடந்திருக்கும். கடைசி வாரத்துல ஒரே பேனாவுல, ஒரே சாய்வுல, ரெண்டு வருஷத்தையும் எழுதி முடிச்சிருப்ப. ‘சைட்டுக்குச் சென்றேன். வேலையைக் கவனித்தேன்.’ அடுத்த வாரம்? ‘சைட்டுக்குச் சென்றேன். வேலையைக் கவனித்தேன்.’ எதைக் கவனிச்ச? ரொட்டி சானாய் போடுறவனையா?

எதிர்ல உக்காந்திருக்குறவங்க பச்சைப் புள்ளைங்க இல்ல. “அஸ்திவாரத்துக்குப் பைல் அடிச்சேன்னு எழுதியிருக்கியே, கடைசி 10 சுத்தியல் அடிக்கு எவ்வளவு இறங்குச்சு?”ன்னு சாவகாசமாக் கேப்பாங்க. டெலிகிராம் குழு அதுக்கு ஃபார்முலா அனுப்பும். பக்கத்துல நின்னவனுக்கு முதல்ல ஞாபகம் வர்றது ஃபார்முலா இல்ல, அந்தத் தாளு. பைல் மேல ஒரு தாளை ஒட்டி, குறுக்க ஒரு கட்டையை வெச்சு, அதுல ஒருத்தன் பென்சிலை அழுத்திப் பிடிச்சிருப்பான். சுத்தியல் விழும். பைல் பொசுக்குன்னு இறங்கும், கொஞ்சம் மேல எழும்பும், அப்புறம் நிக்கும். அம்புட்டையும் பென்சில் தாளுல கோடாப் போட்டுடும். அடுத்த அடிக்கு அடுத்த கோடு. 10 அடி முடிஞ்சதும் தாளைப் பிய்ச்சு எடுத்து, மொத்தம் எத்தனை மில்லிமீட்டர்னு அளந்து பார்த்துட்டுத்தான் ‘போதும், நிறுத்து’ம்பாங்க. டீசல் சுத்தியலா இருந்தா பக்கத்துல நிக்கிறவன் மேலெல்லாம் எண்ணெய் தெறிக்கும். அந்தக் கறை பட்ட சட்டை ஒண்ணாவது உன்கிட்ட இருக்கா? இருந்தா கோட்டைப் பத்தி ஏன் கவலைப்படுற?

உனக்குக் கம்ப்யூட்டர் மேல நம்பிக்கை சாஸ்தி. பொத்தானை அமுக்கினா கலர் கலராப் படம் வருது. சிவப்பு வந்தா முழிக்கிற, பச்சை வந்தா சிரிக்கிற. நம்ம ஜோகூர் மண்ணுக்குக் கலரு தெரியாதே, என்ன பண்ணுவ?

மூவார்ப் பக்கத்துக் கதை தெரியுமா? அங்க மேலாப்புல 2 மீட்டர் போல காய்ஞ்ச மண்ணு. தைரியமாக் கால வெக்கலாம். கீழ 15 மீட்டருக்கு மேல கடல் களி. நெடுஞ்சாலை போட ஏற்பாடு நடந்த காலத்துல, நெடுஞ்சாலை வாரியம் அந்தக் களி மேல சோதனைக்குன்னு கரைங்க கட்டிப் பார்த்துச்சு. அதுல ஒண்ணுக்கு மட்டும் எந்தப் பக்குவமும் பண்ணாம, மண்ணைக் கொட்டிகிட்டே போனாங்க. எப்ப சரியுதுன்னு பார்க்கணும், அவ்வளவுதான். விடையைச் சொல்லாம, மண்ணு விவரத்தை மட்டும் உலகத்துல பேர்போன நிபுணருங்ககிட்ட குடுத்து, எந்த உயரத்துல சரியும்னு கணிக்கச் சொன்னாங்க. 1989-ல கோலாலம்பூர்ல அதுக்குன்னே மாநாடு கூடுச்சு. ஆளுக்கு ஒரு உயரம் சொன்னாங்க. கரை யார்கிட்டயும் யோசனை கேக்கல. 5.4 மீட்டர்ல சரிஞ்சுது.

அந்த நிபுணருங்களை நான் கேலி பண்ணல. கணிப்புக்குக் கீழ பேரைப் போட்டு ஊரு முன்னால வெச்சாங்களே, அதுக்கு நெஞ்சுல மாஞ்சா வேணும். கேலி உன்னைத்தான். அவ்வளவு படிச்சவங்களே தயங்கிக் கால வெச்ச களியில, நீ ஒரு போர்ஹோல் ரிப்போர்ட்டைப் பார்த்துட்டு, அதுவும் பக்கத்து லாட்டு ரிப்போர்ட்டு, நாலு தசமம் வரைக்கும் விடை எழுதுற! பத்து பஹாட்டுக்கு அந்தாண்ட பரித் ராஜாவுல, யுடிஎச்எம் பல்கலைக்கழகத்துல மெது மண்ணை ஆராயறதுக்குன்னே ஒரு மையம் வெச்சிருக்கான். வேலையத்தவனா அவன்? ஆழம் தெரியாம காலை விடாதேன்னு பெரியவங்க சொன்னது ஆத்துக்கு மட்டும்னு நெனைச்சியா?

ஆத்தைப் பேசினா தண்ணியும் வந்துடுது. 2006 டிசம்பர்லயும் 2007 ஜனவரியிலயும் கோத்தா திங்கி, சிகாமட் எல்லாம் ரெண்டு தடவை முங்குச்சே, அப்ப நீ பள்ளிக்கூடப் பையன். 2023 மார்ச்சுல யோங் பெங், பத்து பஹாட் முங்கினப்ப? வாட்சாப்புல படம் அனுப்பிகிட்டு இருந்திருப்ப. வடிகால் இலாகா ஜேபிஎஸ் போட்ட மஸ்மா மழைத்தண்ணிப் புத்தகத்தைத் தலைகாணியா வெச்சுப் படுக்குறியே, அதோட உசிரே ஒரு விசயம்தான். காட்டை வெட்டி வீடு கட்டறதுக்கு முன்னாடி அந்த நெலத்துல இருந்து எவ்வளவு வேகமாத் தண்ணி வெளிய போச்சோ, கட்டின பிறகும் அதுக்கு மேல போகக் கூடாது. மிச்சத்தைத் தேக்கி, மெதுவா விடு. உன் வீட்டுத் தண்ணியை அடுத்தவன் தலையில கொட்டாதங்குறான். இது தீம்பார் லயத்துல எங்க பாட்டிக்குத் தெரியும். பக்கத்து வீட்டு வாசல்ல அண்டாவைக் கவுத்துப் பாரு, அவளே வந்து பாடம் நடத்திடுவா.

சரி, நெறிக் கட்டுரைக்கு வருவோம். அதுக்கு எத்தனை நாளா மனப்பாடம்? போர்டு போட்ட விதியில முக்கியமானது அஞ்சே அஞ்சு. ஊரு சனத்தோட உசிரும் சொகமும் முதல்ல. தெரிஞ்ச வேலையை மட்டும் ஒத்துக்க. வெளிய பேசினா உண்மையைப் பேசு. கூலி குடுக்குறவனுக்கு விசுவாசமா இரு. மானம் மரியாதையா நடந்துக்க. இதுல உங்க அப்பத்தா சொல்லாதது எது? இதுக்குப் போயி மூணு விதமா முதலெழுத்துப் பாட்டு கட்டி வெச்சிருக்க!

விதியை ஒப்பிச்சா மார்க்கு இல்ல தம்பி. முதல் விதியும் நாலாவது விதியும் மல்லுக்கு நிக்கும்போது நீ யாரு பக்கம்னுதான் பார்ப்பாங்க. முதலாளி சொல்லுவான், “கால்வாயை அப்புறம் வெட்டிக்கலாம், முடிஞ்சதுன்னு லெட்டர் குடுத்துடு.” குடுத்துடுவியா? அவன்தானே சம்பளம் போடுறான்?

அப்படிக் குடுத்தா என்ன ஆகும்னு கேளு. உலு கிளாங்குல ஹைலண்ட் டவர்ஸுன்னு 12 மாடி. 1993 டிசம்பர் 11-ஆம் தேதி, பட்டப்பகல்ல மலை சரிஞ்சு ஒரு பிளாக்கு அப்படியே சாஞ்சு, 48 பேரு செத்தாங்க. வழக்கு கோர்ட்டுக்குப் போச்சு. வரைஞ்சவரு பதிவு பெற்ற ஆர்கிடெக்டே இல்ல, ஒரு டிராஃப்ட்ஸ்மேன்னு வெளிய வந்துச்சு. மேட்டுத் தண்ணியை இறக்குற கால்வாய் வேலை பத்துல ஒரு பங்குதான் நடந்திருக்கு. ஆனா வேலை முடிஞ்சதுன்னு அதிகாரிங்களுக்குக் கடுதாசி போயிருக்கு. பார்த்தியா? மலை சரியறதுக்கு முன்னாடி ஒரு காயிதம் சரிஞ்சிருக்கு. இந்தக் கதையைப் புரிஞ்சு எழுதினீன்னா நெறிக் கட்டுரைக்கு வேற என்ன வேணும்?

நடுவுல இன்னொரு நெனைப்பும் உனக்கு ஓடுது, தெரியும். இர். ஆனதும் பாலத்தைத் தாண்டி சிங்கப்பூருக்குப் போயிடலாம், அக்கரையில ஒரு வெள்ளி இங்க மூணு வெள்ளிக்கு மேலன்னு. தாராளமாப் போ. உபின் தீவுக் கருங்கல்லைக் கடல்ல கொட்டி 1924-ல தெறந்த பாலம், நூறு வருஷம் தாண்டியும் உன்ன மாதிரி ஆளுங்களைச் சுமந்துகிட்டுத்தான் இருக்கு. ஆனா உன் பட்டம் சுங்கச் சாவடியோட நின்னுடும். அக்கரையில வேற போர்டு. அடிப்படைக்கு ஒரு பரீட்சை, தொழிலுக்கு ஒரு பரீட்சை. இங்கயும் வேலை முடிஞ்சுதுன்னு நெனைக்காத. 2015-ல சட்டத்தைத் திருத்துனதுல இருந்து, இர். ஆனா மட்டும் பிளான்ல கையெழுத்துப் போட்டு அனுப்ப முடியாது. தொழில் நடத்தத் தனிச் சான்று வேணும், அதுக்கும் ஒரு பரீட்சை. ஒட்டுத்தாளுக்கு இன்னொரு சுவரு கட்டிக்க!

இவ்வளவு திட்டிட்டேன். இப்ப என்னதான் பண்ணங்குற? ஒரு மாசம் இருக்கு. குழு நாலையும் ஊமையாக்கு. நீ உண்மையாவே கை வெச்ச வேலை ஒண்ணே ஒண்ணை எடு. சின்ன பாலமா இருக்கட்டும், கல்வெர்ட்டா இருக்கட்டும், அதைப் பத்தி வெக்கப்படாத. அதோட வரைபடத்தைத் தரையில விரிச்சுப் போட்டு, ஒவ்வொரு கோட்டையும் பார்த்து ‘ஏன்?’னு கேளு. ஏன் இந்தக் கனம்? ஏன் இங்க பைல்? மழை வந்தா தண்ணி எங்க போகும்? மாத்துனது யாரு, எதுக்கு மாத்துனாரு? பதில் தெரியாத கோட்டுக்குச் சைட்டுல போயி பதில் தேடு. எஞ்சினியர்கிட்ட கேக்கக் கூச்சமா இருந்தா மண்டோர்கிட்ட கேளு. ஒரு கோப்பி வாங்கிக் குடுத்தாப் போதும், எல்லாத்தையும் சொல்லிடுவான். கேக்காததையும் சொல்லுவான்.

அங்க உக்காந்திருக்கும்போது தெரியாத கேள்வி வரும். வளைச்சு வளைச்சு ஆங்கிலம் பேசாத. “இது எனக்குத் தெரியாது சார், மண்ணு நிபுணர்கிட்ட கேட்டுத்தான் முடிவு பண்ணுவேன்”னு சொல்லு. ரெண்டாவது விதியே அதுதானே? தெரியாததைத் தெரியாதுன்னு சொல்றவன்கிட்டத்தான் வீட்டுச் சாவியைக் குடுக்கலாம்.

பாஸாயிடுவ, போ. அதுக்கப்புறம்தான் சொந்தக்காரன் கணக்கு ஏறும். “தம்பி, கடை வீட்டுக்கு மேல ஒரு மாடி, சும்மா ஒரு கையெழுத்துதான்”னு டுரியான் கூடையோட வருவான். கூடையை அவன் காடியிலயே வெச்சுட்டு, முதல்ல அந்த வீட்டு அஸ்திவாரத்தைப் பார்த்துட்டு வா. தாங்காதுன்னா தாங்காதுன்னு சொல்லு. கோவிச்சுகிட்டுப் போவான், போகட்டும். டுரியான் தின்ன ஆசையா இருந்தா ரோட்டோரக் கடையில காசு குடுத்து வாங்கிக்க.

வாங்கும்போது எனக்கும் ரெண்டு பழம் போடச் சொல்லு. நான் எந்தப் பிளான்லயும் கையெழுத்துப் போடுறவன் இல்லையே!