கதவோரக் கவலை

பாண்டி பஜாரில் 60 லட்ச ரூபாய் காரை நிறுத்திவிட்டுப் புடவைக் கடைக்குள் போகிறவரின் உடம்புதான் உள்ளே போகிறது. உயிர் வெளியே பம்பரைச் சுற்றிக் காவல் நிற்கிறது. திரும்பியதும் குனிந்து, எச்சில் தொட்ட விரலால் கதவைத் தேய்த்துப் பார்ப்பார். அழிந்தால் தூசி, அழியாவிட்டால் துக்கம். இத்தனைக்கும் அந்தப் பெயிண்ட், எல்லாப் பூச்சும் சேர்த்தே, ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு தேறாது.

வண்டியின் மதிப்பு போய்விடுமே என்பார்கள். நம் நாட்டு மோட்டார் காப்பீட்டு அட்டவணைப்படி, ஆறு மாதம் தாண்டிய காருக்கே 15 சதவீதம் தேய்மானம். 60 லட்சத்தில் 9 லட்சம், எந்த ஆட்டோவும் உரசாமலே காணாமல் போகிறது. அதற்காக யாரும் வாட்ச்மேனைக் கூப்பிட்டு விசாரித்ததாகத் தெரியவில்லை. சரி, கீறலுக்குத்தான் இன்ஷூரன்ஸ் இருக்கிறதே? இருக்கிறது. ஆனால் ஒரு தடவை க்ளெய்ம் செய்தால், ஐந்து வருஷம் க்ளெய்மே செய்யாமல் பொறுமையாக 50 சதவீதம் வரை சேர்த்த பிரீமியத் தள்ளுபடி போனஸ், தனியாகக் காசு கட்டிக் காப்பாற்றாவிட்டால், பூஜ்யம். ஆகவே கணக்குத் தெரிந்தவர் க்ளெய்மும் செய்வதில்லை, தூங்குவதும் இல்லை. பெயிண்டைக் காக்கக் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் படலம் ஒட்டுகிறார். படலத்தில் கீறல் விழுந்தால்? அதன் மேல் பூச செராமிக் கோட்டிங் விற்கிறார்கள்.