நான் வந்தாச்சு, கேட்டைச் சாத்துங்க!

தொண்ணூறுகளின் நடுவில் சென்னை வேளச்சேரியில் மனை வாங்கியபோது, உறவினர்கள் துக்கம் விசாரிக்காத குறைதான். ஆட்டோக்காரர்கள் "ரிட்டன் சவாரி கிடைக்காது சார்" என்று நகர்ந்துவிடுவார்கள். தி.நகர் மாமாவோ, "ஏண்டா, ஏரிக்கும் சதுப்புக்கும் நடுவுல மனுஷன் குடியிருப்பானா?" என்றார். அவருடைய தி.நகரே 1920களில் மாம்பலம் ஏரியைத் தூர்த்து எழுந்ததுதான். அங்கே ஏரிக்குத்தான் குடியிருக்க இடமில்லாமல் போயிற்று. மனைத் தரகர் ஒருவர்தான் தெம்பு சொன்னார்: "பத்தடி தோண்டினா தண்ணி சார்!" சத்தியவான். 2015 டிசம்பரில் தோண்டாமலே வந்தது.

இன்று வேளச்சேரி 'நல்ல ஏரியா'. 2007-இல் பறக்கும் ரயில் வந்தது. விலையும் கூடவே பறந்தது. கனமழை எச்சரிக்கை வந்தால் கார்கள் மேம்பாலத்தில் ஏறி வரிசைகட்டும். மாமா சொன்ன சதுப்பு பள்ளிக்கரணை: 1960களில் 5,000 ஹெக்டேருக்கு மேல் பரந்திருந்த அதில், 2022-இல் சர்வதேச ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது 1,247 ஹெக்டேர்.

2026 முதல் 2046 வரைக்கான சென்னையின் மூன்றாம் முழுமைத் திட்டம் பற்றிப் பேச்சு வந்ததும், எங்கள் தெருவிலும் கூடிப் பேசினோம்: புது வீடுகள் எங்கே வரலாம்?

"சதுப்புப் பக்கம் ஒரு செங்கல்கூட வைக்கக் கூடாது" என்று முதலில் எழுந்தவர், 'சதுப்பு பார்த்த பால்கனி'க்குத் தனியாகப் பணம் கட்டியவர். வாடகைக்கு இருக்கும் ஓர் இளைஞர், "ரயில் ஸ்டேஷனை ஒட்டி இன்னும் நாலு மாடி அனுமதிக்கலாமே சார்?" என்றார். அவ்வளவுதான். பார்க்கிங், தண்ணி லாரி, மறையும் வெளிச்சம் என்று ஆளுக்கொரு கவலை. "கிளாம்பாக்கம் தாண்டி எவ்வளவு இடம் கெடக்கு தம்பி!" என்று ஆறுதல் சொன்னவர், வெளியூர்ப் பேருந்து நிலையம் அங்கே போனபோது "அவ்ளோ தூரமா?" என்று கொதித்தவர்.

ஏகமனதாகத் தேறிய முடிவு: வீடுகள் வேண்டும், இங்கே வேண்டாம்.

ரயில் பாதையோரம் மாடி உயரவிடாமல் தடுத்தால், வீடு தேடுபவர் காணாமல் போய்விட மாட்டார். கைக்கு எட்டும் விலையில் மனை எங்கே கிடைக்கிறதோ அங்கே போவார். சென்னையின் தெற்கே அது பல இடங்களில் பள்ளம். நம் தெருவில் மாடி வேண்டாமென்று மனுவில் கையெழுத்துப் போடுகிறவர்கள், அடுத்த ஏரியைத் தூர்ப்பதற்கும் சேர்த்தே போடுகிறார்கள்.