பிரிண்டரின் அந்திமக் கிரியை: அகரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

1. சிக்கல்

அச்சு, ஸ்கேன், நகல் என மூன்று தொழில் பார்க்கும் ஆல்-இன்-ஒன் பிரிண்டர் ஒருபோதும் முழுசாகச் சாவதில்லை. மை தெளிக்கும் ஹெட் அடைத்துக்கொண்டால் அச்சு போகும். ஸ்கேனர் மட்டும் விளக்கெரித்தபடி முழித்துக்கொண்டிருக்கும். உயிர் போனதா என்றே தெரியாததற்கு எப்படிச் சங்கு ஊதுவது?

2. பழுதுக் கட்சி

‘பழுது பார்த்தே ஓட்டு’ என்பது இக்கட்சியின் கொள்கை. தாடிக்கொம்பை ஒட்டிய அகரத்தில் இதற்குச் செல்வாக்கு இருப்பது இயல்பே. பக்கத்துத் திண்டுக்கல் பூட்டுக்குப் பேர்போன ஊர். 2019-ல் அந்தப் பூட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. கையால் செய்த பூட்டைச் செய்தவரே பிரித்து லீவரைச் சரிபண்ண முடியும்.

பிரிண்டர் அப்படியல்ல. ஹெட்டைச் சுத்தம் செய்யும்போது வழியும் மை, அடியிலுள்ள பஞ்சுப் பட்டையில் ஊறுகிறது. எவ்வளவு ஊறியது என்பதைப் பல மிஷின்கள் உள்ளேயே கூட்டிக்கொண்டு வரும். கணக்கு நிறைந்ததும் வேலைநிறுத்தம். அடைப்பெடுக்க மேலும் மேலும் ‘கிளீனிங்’ கொடுத்தால் பட்டை இன்னும் சீக்கிரம் நிறையும். மருந்தே நோயாகும் இந்த விந்தையைச் சித்தர்களும் பாடவில்லை.

3. புதுசுக் கட்சி

செலவு புது விலையில் பாதியைத் தாண்டினால் மாற்றிவிடு என்பது இவர்களது சூத்திரம். மெக்கானிக்கின் பாடபேதம் வேறு: “ஹெட்டு மாத்தணும்ணே. அதுக்கு இன்னும் கொஞ்சம் போட்டா புதுசே வாங்கிரலாம்.” அந்த ‘இன்னும் கொஞ்சம்’ எவ்வளவு என்பது பில் வரும்வரை பரம ரகசியம். “போன மாசந்தானே மை ஊத்துனோம்?” என்று அடுக்களையிலிருந்து வரும் எதிர்வாதத்துக்கும் சூத்திரத்தில் விடையில்லை.

இவர்களின் வலுவான சான்று அகரத்திலேயே இருக்கிறது. முத்தாலம்மனுக்கு விழாவுக்கென்று மண்ணால் திருமேனி செய்து, கண் திறந்து, கொண்டாடி, கடைசியில் மண்ணோடு சேர்த்துவிடுகிறார்கள். அம்மனையே அப்படி வழியனுப்பும் ஊருக்கு, பிளாஸ்டிக் பெட்டியை விட மனம் வராததேன்?

4. விளக்கம்

அம்மனை மண் வாங்கிக்கொள்கிறது. பெட்டியை வாங்கிக்கொள்ள ஆளில்லை. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையிலுள்ள மின்னணுக் கழிவு விதிகள், பழசை மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பைத் தயாரிப்பாளர் தலையில் கட்டியிருக்கின்றன. ஆனால் வாசலில் வந்து நிற்பவர் பழைய இரும்புக்காரர். அவர் பெட்டியை ஒரு கையால் தூக்கிப் பார்த்து, “எடை நிக்காதுங்க” என்று இறக்கிவைப்பார். ஆக, சிக்கல் பழுதிலும் இல்லை, விலையிலும் இல்லை. அனுப்பிவைக்க இடமில்லாததில் இருக்கிறது.

5. முடிபு

அதனால்தான் மூன்றாம் மார்க்கம் பிறந்தது: புதுசை வாங்கி, ‘ஸ்கேனுக்கு ஆகும்’ என்று பழசைப் பீரோ மேல் ஏற்றுவது. ஏறியது இறங்கி ஸ்கேன் செய்ததாகச் சான்றில்லை.

ஆய்வின் பரிந்துரை ஒன்றே. கடையில் விலை கேட்கும் முன், “பழசை எடுத்துக்குவீங்களா?” என்று கேட்கவும். ‘ஆமாம்’ என்றால் புதுசு. ‘இல்லை’ என்றால் பழுது பார்ப்பதே புத்தி. பீரோ மேல் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது.