மாத்திரையும் மன்றமும்

கேள்வி: நோய் வந்தால் டாக்டரிடம் போகிறோம். மனித உரிமைக்கு அங்கே என்ன வேலை?

பதில்: மருந்தைப் பூட்டி வைத்துவிட்டால் டாக்டர் என்ன செய்வார்? பூட்டைத் திறக்க வக்கீல்தான் வரவேண்டும்!

தென்னாப்பிரிக்காவில் அதுதான் நடந்தது. எச்.ஐ.வி. உள்ள தாய்க்குப் பிரசவ வலி எடுத்ததும் ஒரு நெவிரபின் மாத்திரை, பிறந்த குழந்தைக்குக் கொஞ்சம் சிரப். குழந்தைக்குத் தொற்றும் ஆபத்து ஏறக்குறைய பாதியாகக் குறையும். மருந்து கம்பெனி ஐந்து வருடத்துக்கு இலவசமாகவே தர முன்வந்தது. அப்படியும் அரசு, மாகாணத்துக்கு இரண்டே மையங்களில்தான் கொடுத்தது. மூன்றாவது ஆஸ்பத்திரியில் வலி எடுத்தவள் என்ன பாவம் செய்தாள்? கேட்கவே வயிறு எரிகிறது.

‘டிரீட்மென்ட் ஆக்‌ஷன் கேம்பெயின்’ இயக்கம் கோர்ட்டுக்குப் போனது. ஆதாரம், அரசியல் சாசனத்தின் 27-வது பிரிவு: மருத்துவ வசதி பெறுவது எல்லோருக்கும் உரிமை. 2002 ஜூலையில் அரசியல் சாசன நீதிமன்றம் தடையை நீக்கச் சொன்னது.

அந்த இயக்கத்தின் ஸாக்கி அக்மத்துக்கும் எச்.ஐ.வி. இருந்தது. அரசு ஆஸ்பத்திரியில் ஏழைக்குக் கிடைக்காத மருந்து தனக்கும் வேண்டாம் என்று பல வருடம் மறுத்தார். மண்டேலாவே வீடு தேடிப் போய்க் கெஞ்சியும் மசியவில்லை!