ஏழு லீவர் பேய்

ஊருக்கு ஒருவர் இப்படி இருப்பார். பெரிய நடிகர் படம் வந்தால், “டிவியில போடுவான், பாத்துக்குவோம்” என்பார். போஸ்டரில் ஒரு பாழடைந்த பங்களா, அதற்கு மேலே ரெண்டு கண், கீழே யாரென்றே தெரியாத நாலு முகம் இருந்தால் போதும். முதல் நாளே போய்விடுவார். பார்த்துவிட்டு வந்து ஒரு வாரம் திட்டுவார். அடுத்த வெள்ளிக்கிழமை அடுத்த பங்களா. திண்டுக்கல்லில் எங்களுக்கு வாய்த்தவர் பூட்டுக்காரர்.

வீட்டில் வைத்த பெயர் ரேஷன் கார்டில் மட்டும்தான் இருக்கிறது. லீவர் அண்ணன் என்று கேட்டால்தான் நாகல் நகரில் வழி சொல்வார்கள். திண்டுக்கல் பூட்டுக்குள் லீவர் என்று மெல்லிய தகடுகள் உண்டு. சாவி திரும்பும்போது ஒவ்வொரு தகடும் அதனதன் உயரத்துக்கு எழும்ப வேண்டும். ஒரு தகடு மயிரிழை கூடினாலும் குறைந்தாலும் பூட்டு அசையாது. ஐந்து லீவர் நல்ல பூட்டு, ஏழு லீவர் ரொம்ப நல்ல பூட்டு. அரத்தால் ராவி ராவி அண்ணனுக்குக் கையில் ரேகை அழிந்துவிட்டது. உலகத்தையே அவர் லீவர் கணக்கில்தான் அளப்பார். கல்யாண வீட்டுச் சாம்பார், “ரெண்டு லீவர்.” தேர்தல் பேச்சு, “லீவரே இல்ல தம்பி, வெறும் டப்பா.” 2019-இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது தெருவுக்கே மிட்டாய் கொடுத்தார். மறுநாள், “அலிகார் பூட்டு என்ன விலைன்னுதான் கேக்குறாய்ங்க. கதவுல சர்டிபிகேட்டையா மாட்ட முடியும்?” என்று பழையபடி அரத்தை எடுத்தார்.

சினிமாவுக்கு அவர் போட்டிருக்கும் சட்டம் ஒன்றுதான். “சாவியை முன்னாடியே காட்டிரணும். கடைசி நிமிஷத்துல பையிலேருந்து எடுத்தா அது களவாணித்தனம்.” முடிச்சை அவிழ்க்கப்போகும் சங்கதி முதல் பாதியிலேயே நம் கண்ணில் பட்டிருக்க வேண்டும், பட்டும் நமக்கு உறைத்திருக்கக் கூடாது. கிளைமாக்ஸில் கொலைகாரனுக்குத் திடீரென்று ஒரு இரட்டைப் பிறவி முளைத்தால் அண்ணன் எழுந்து நின்று வேட்டியை உதறிக் கட்டுவார். அதுதான் அவருடைய விமர்சனம்.

இந்தச் சட்டத்துக்கு அவர் காட்டும் சாட்சி 1954-இல் ஏவி.எம். எடுத்த ‘அந்த நாள்’. படம் தொடங்கும்போதே சிவாஜி சுடப்பட்டு விழுந்துவிடுவார். யார் சுட்டது என்பதுதான் மீதிப் படம். பாட்டே கிடையாது. இயக்கியவர் வீணை எஸ். பாலசந்தர். “வீணை வித்துவானே பாட்டு வேணாம்னுட்டாரு. இவிங்க, பேய் துரத்துற நேரத்துல டூயட்டு வைக்கிறாய்ங்க” என்பார்.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி, அண்ணனின் டிவிஎஸ் ஃபிப்டியில் பின்னால் உட்கார்ந்து இரண்டாம் ஆட்டத்துக்குப் போனேன். படத்தின் பெயர் வேண்டாம், எடுத்தவர்களும் பிழைக்க வேண்டும். தியேட்டர் பெயரும் வேண்டாம், ஏன் என்று பிறகு தெரியும். மொத்தம் நாலே டிக்கெட். நாங்கள் ரெண்டு பேர், கல்லூரிப் பையன்கள் ரெண்டு பேர். டிக்கெட் கிழித்தவர்தான் வாட்ச்மேனும். இடுப்பில் அரைஞாண் கயிற்றில் நீளமாக ஒரு சாவி தொங்கியது. எங்களை ஏற இறங்கப் பார்த்து, “தெரிஞ்சுதான் வந்திருக்கீங்களா?” என்று கேட்டுவிட்டு உள்ளே விட்டார்.

படம் தொடங்கியது. புதுமணத் தம்பதி மலையடிவாரத்தில் ஒரு பங்களாவைப் பாதி விலைக்கு வாங்குகிறார்கள். அண்ணன் தொடைமேல் அடித்தார்.

“வில்லங்கம் போட்டுப் பாத்தானா?”

“என்னண்ணே?”

“ஒரு சென்ட் எடம் வாங்கவே முப்பது வருஷத்துக்கு வில்லங்கச் சான்று போடுறோம். பங்களாவே வாங்குறான், பத்திரப்பதிவு ஆபீஸ் பக்கம் எட்டிப் பாக்க வேணாமா? பேய் இருக்கிறது அதுல வந்திருக்கும்.”

கதவு ‘கிரீச்’ என்றது. நாயகி நடுங்கினாள். அண்ணன் சீட்டில் நெளிந்தார். நடுக்கம் வேறு வகை. கீல் இப்படிக் கத்துவதை ஒரு தொழில்காரன் எத்தனை நேரம் பொறுப்பான்? “நாலு சொட்டு தேங்கா எண்ணெய் விட்டா இந்தப் பேய்க்குப் பாதி பவர் போயிரும்” என்றார். உள்தாழ்ப்பாள் போட்ட கதவைப் பேய் திறந்தபோது, எந்தப் பக்கம் கொண்டி இருந்தது, எந்தப் பக்கம் திறந்தது என்று முன்சீட்டின் முதுகில் விரலால் படம் வரைந்து காட்டினார். கொண்டி பேய் வரும்போது வலப்பக்கம், போகும்போது இடப்பக்கம் இருந்திருக்கிறது. நான் பேயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கொலைகாரன் யார் என்பதை டீ விற்கிற பையன் வருவதற்குள் சொல்லிவிடுவார். துப்பறியும் அறிவெல்லாம் இல்லை, சம்பளக் கணக்கு. “அந்தத் தோட்டக்காரனைப் பாரு. நாலு படத்துல பாத்த மூஞ்சி. முதல் பாதி முழுக்கச் செடிக்குத் தண்ணி ஊத்துறான். பட்ஜெட்டே இல்லாத படத்துல தெரிஞ்ச மூஞ்சிக்குக் காசு குடுத்துட்டு வெறுமனே தண்ணி ஊத்தவா சொல்லுவான்? அவன்தான்.” அவனேதான்.

படத்தில் சத்தமெல்லாம் நின்றது. நாயகி இருட்டு வராந்தாவில் நடந்தாள். அண்ணன் சாவகாசமாகக் காதுக்குள் விரலை விட்டுக்கொண்டார். “இப்ப அடிப்பான் பாரு.” அடித்தான். பூனை. பின்வரிசைப் பையன் ஒருவன் பாப்கார்னைக் கொட்டினான்.

இந்தப் பூனை வித்தைக்கு ஒரு பூர்வீகம் உண்டு என்று இடைவேளையில் சொன்னேன். 1942-இல் ஹாலிவுட்டில் ‘கேட் பீப்பிள்’ என்று ஒரு படம். தயாரித்தவர் வால் லூட்டன், இயக்கியவர் ஜாக் டூர்னர். கையில் காசில்லை, அதனால் சிறுத்தையைக் காட்டுவதைவிட அதன் நிழலையும் சத்தத்தையும் நம்பினார்கள். ராத்திரித் தெருவில் ஒரு பெண் தனியாக நடக்கிறாள், பின்னால் காலடிச் சத்தம், அது நிற்கிறது. ‘புஸ்ஸ்’ என்று ஒரு சீறல். பார்த்தால், வந்து நின்ற டவுன் பஸ்ஸின் பிரேக். இன்றைக்கும் சினிமாக்காரர்கள் அந்த வித்தையை லூட்டன் பஸ் என்றே சொல்கிறார்கள்.

அண்ணன் டீ கிளாஸை வைத்துவிட்டு யோசித்தார். “பஸ் ஸ்டாண்டுல பழனி வண்டி அப்படித்தான் சீறுது. நாம பயந்தா ஏறுறோம்? சீட்டு போடத் துண்டை வீசுறோம்.”

ஊர் மாறினால் பயமும் மாறும் என்பது அவருடைய இன்னொரு சித்தாந்தம். அறிவழகனின் ‘ஈரம்’ (2009) நல்ல படம் என்று ஒப்புக்கொள்வார், நாலு லீவர்கூடக் கொடுப்பார். ஆனால் தண்ணீர் வழியாக ஆவி வருவது திண்டுக்கல்லில் செல்லாது. “நம்மூர்ல குழாயில தண்ணி தானா வந்தா எவன் ஓடுவான்? ஓடுவோம், குடத்தை எடுக்க.” ஆத்தூர் அணை நிரம்பிவிட்டதா என்று பேப்பரில் தேடிப் படிக்கிற ஊர் இது. சுவரில் ஈரம் கசிந்தால் எங்கள் வீட்டுப் பெண்கள் முதலில் அடியில் ஒரு வாளியை வைப்பார்கள், அப்புறம்தான் பூசாரி.

விட்டலாச்சார்யா பேச்சு வந்தால் மட்டும் அண்ணன் குரல் மெதுவாகும். 1978-இல் அவர் தெலுங்கில் எடுத்த ‘ஜகன்மோகினி’ தமிழ் பேசி இங்கே வந்தபோது அண்ணன் அரைக்கால் டவுசர். அதில் பேய் அடுப்புக்குள் விறகுக்குப் பதிலாகத் தன் காலையே நீட்டிச் சமைக்கும். “கொட்டகையே அலறுச்சு. எங்கம்மா மட்டும் அலறல. ‘கொடுத்து வச்சவ, விறகு பொறுக்கப் போகவேணாம்’னு பெருமூச்சு விட்டுச்சு.” கம்ப்யூட்டர் கிராபிக்ஸ் இல்லாத காலம். கயிறு, புகை, கேமராவை நிறுத்தி மறுபடி ஓட்டுகிற தந்திரம், இவ்வளவுதான் முதலீடு. “அந்த எலும்புக்கூட்டைக் கட்டியிருக்கிற கயிறு நமக்கே தெரியும். தெரிஞ்சும் பயந்தோம். இன்னிக்கிக் கயிறு தெரியல, பயமும் தெரியல.”

என் பங்குக்கு ‘சைக்கோ’வை எடுத்துவிட்டேன். ஹிட்ச்காக் 1960-இல் செலவைக் குறைக்கத் தன் டிவி தொடர் ஆட்களையே வைத்து, கறுப்பு வெள்ளையில் எடுத்த படம். குளியலறைக் கொலையில் ஓடுகிற ரத்தம் சாக்லேட் பாகு. அண்ணன் உடனே, “எறும்பு வந்திருக்குமே” என்றார். அவருக்குக் கொலை முக்கியமில்லை. அதற்குப் பிறகு அந்த இடத்தைக் கழுவப் போகிறவனைப் பற்றிய கவலை.

இடைவேளை முடிந்து உள்ளே வந்தால் பின்வரிசை காலி. பையன்கள் பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். நானூறு சீட்டுக்கு நாங்கள் ரெண்டு பேர்.

இரண்டாம் பாதியில் எதிர்பார்த்தபடி பேய்க்கு பிளாஷ்பேக் வந்தது. ‘காஞ்சனா’வுக்கும் (2011) ‘அரண்மனை’க்கும் (2014) பிறகு பிளாஷ்பேக் இல்லாத பேயைத் தமிழ்நாட்டில் யாரும் சேர்த்துக்கொள்வதில்லை. பேய் முதலில் பயமுறுத்த வேண்டும், பிறகு சிரிக்க வைக்க வேண்டும், கடைசியில் அழ வைக்க வேண்டும். ஒரே சம்பளத்தில் மூன்று வேலை. இந்தப் பேயின் பிரச்சினை நில அபகரிப்பு.

“எல்லாப் பேய்க்கும் நெலத் தகராறுதான்” என்றார் அண்ணன். “திங்கக்கெழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாள்ல ஒரு மனு குடுத்திருந்தா பங்களாவுல இத்தனை வருஷம் உக்காந்திருக்க வேணாம்.” ஒரு நிமிஷம் கழித்து அவரே, “ஆனா அங்கயும் அத்தனை வருஷம் உக்காரணும்” என்றார்.

அப்போதுதான் அந்தக் காட்சி வந்தது. வெள்ளைச் சேலையில் பேய் புதருக்கு நடுவே மெதுவாக வருகிறது. புகை, ஊதா வெளிச்சம். காற்றில் சேலை ஒரு நொடி விலகியது. உள்ளே, நீலப் பட்டை வைத்த ரப்பர் செருப்பு.

நான் வாய்விட்டுச் சிரித்தேன். அண்ணன் கொண்டாடுவார் என்று நினைத்துத் திரும்பினேன். அவர் சிரிக்கவில்லை.

“ராத்திரி ரெண்டு மணிக்கு எடுத்திருப்பாய்ங்க. புதர்ல முள்ளு கெடக்கும், பாட்டில் சில்லு கெடக்கும். அந்தப் பிள்ளைக்கு என்ன பேட்டா குடுத்தானோ. ‘செருப்பைக் கழட்டிட்டு நட’ன்னு சொல்லாம விட்டான் பாரு, அந்த டைரக்டர் நல்லவன்.”

அதற்குப் பிறகு அவர் படத்தைத் திட்டவே இல்லை. காசில்லாதவன் எடுத்த படத்தில் எது ஏழ்மை, எது ஏமாற்று என்பதில் அவருக்குக் குழப்பமே வந்ததில்லை. செருப்பு ஏழ்மை, அதை மன்னிப்பார். இரட்டைப் பிறவி ஏமாற்று, அதை மன்னிக்க மாட்டார். “இரும்பு கனமா இருந்தா நல்ல பூட்டு ஆயிராது. உள்ள வேலை இருக்கணும். ‘பீட்சா’வுல என்ன இருந்துச்சு? ஒரு வீடு, ஒரு டார்ச் லைட்டு. ‘டிமான்டி காலனி’யில? ஒரு ரூமு, நாலு பயலுக, திறக்க முடியாத கதவு. இருட்டுக்கு எவனும் வாடகை கேக்க மாட்டான். கையில காசில்லாதவன் அதைத்தான் வாங்குவான். வாங்கி ஒழுங்கா மாட்டத் தெரியணும், அவ்வளவுதான்.” ஒன்று 2012, மற்றது 2015. ரெண்டுக்கும் அவர் கொடுத்தது ஆறு லீவர். ஏழு இதுவரை எந்தப் படத்துக்கும் கொடுத்ததில்லை.

படம் முடிந்து பெயர்கள் ஓடின. நான் எழுந்தேன். சட்டையைப் பிடித்து உட்கார வைத்தார். லைட் பிடித்தவர், தச்சர், சாப்பாடு போட்டவர், உதவி ஒப்பனை என்று கடைசிப் பெயர் வரை படித்தார். “பூட்டுல செஞ்சவன் பேரு வராது தம்பி. இங்கயாவது வருது.”

வெளியே வந்தோம். விளக்கெல்லாம் அணைந்திருந்தது. இப்போதெல்லாம் படம் தானாக ஓடித் தானாக நிற்கிறது, ஆபரேட்டர் எப்போது போனாரோ. கிரில் கேட்டில் சங்கிலி, சங்கிலியில் பூட்டு. பையன்களோடு எல்லோரும் போய்விட்டார்கள் என்று வாட்ச்மேன் கணக்குப் போட்டிருக்கிறார். மணி ஒன்று. தெருவில் ஒரே ஒரு நாய், அதுவும் எங்களைப் பார்க்காமல் எங்களுக்குப் பின்னால் எதையோ பார்த்துக்கொண்டிருந்தது.

“அண்ணே, நீங்க இருக்கும்போது என்ன பயம்? ஒரு கம்பி கிடைச்சா திறந்துர மாட்டீங்க?”

செல்போன் வெளிச்சத்தில் பூட்டைக் கையில் ஏந்தினார். கனம் பார்த்தார். அடியில் கட்டைவிரலால் தடவினார். முகம் மெதுவாக மலர்ந்தது.

“நம்மளது.”

“அப்பச் சுலபம்.”

“கிறுக்கா ஒனக்கு? ஏழு லீவர். எவனாலயும் திறக்க முடியாது.”

“செஞ்ச உங்களாலயுமா?”

“செஞ்சவன் திறந்தா அது பூட்டா?”

நூறு நாள் ஓடிய படத்தின் தயாரிப்பாளர்போல் படியில் சாய்ந்து உட்கார்ந்தார். “பாத்துக்க, இதுதான் படம். ஒரு கேட்டு, ரெண்டு ஆளு, ஒரு டார்ச்சு. மொத்த பட்ஜெட் ரெண்டு டிக்கெட்டு. வெளிய போக வழியே இல்ல.”

“முடிவு?”

“சாவியத்தான் மொதல்லயே காட்டியாச்சே” என்று வாசலைக் கைகாட்டினார்.

தெருமூலையில் வாட்ச்மேன் வந்துகொண்டிருந்தார். கையில் பரோட்டாப் பொட்டலம், இடுப்பில் அந்தச் சாவி. அண்ணன் உற்சாகமாக எழுந்து, செல்போன் வெளிச்சத்தைத் தன் முகத்துக்குக் கீழே பிடித்துக்கொண்டு, “வாங்க, ஒங்களுக்குத்தான் காத்துக்கிட்டிருக்கோம்” என்றார்.

பொட்டலம் கீழே விழுந்தது. வாட்ச்மேன் போட்ட சத்தம் மலைக்கோட்டை வரை கேட்டிருக்கும். சாவி இடுப்பில் ஆட ஆட, பழனி ரோட்டை நோக்கி ஓடி மறைந்தார்.

நாய் நிதானமாக வந்து பரோட்டாவை முகர்ந்தது. அண்ணன் மறுபடி உட்கார்ந்தார்.

“இங்க இன்டர்வெல் விடணும் தம்பி.”