பெரிய படமும் பிளந்த மூக்கும்: வடசென்னைச் சுவர்களை முன்வைத்து ஓர் ஆய்வு

சின்ன ஜெராக்ஸ் கடை பிரின்டர் பெரும்பாலும் ஏ4 தாளுக்கு மேல் விழுங்காது. திருவொற்றியூரிலிருந்து ராயபுரம் வரை வாடிக்கையாளர்கள் கேட்பதோ பெரிய அளவில் தலைவர் முகம். படத்தைத் துண்டு போட்டு அச்சிட்டு ஒட்டலாம் என்பது ஊரறிந்த தீர்வு. ஒட்டு முகத்தில் எங்கே விழவேண்டும் என்பதே இவ்வாய்வின் பொருள்.

மரபு பழையது. 1957-இல் 'வணங்காமுடி' படத்துக்காக மோகன் ஆர்ட்ஸ் நிறுவனம் சிவாஜிக்கு வைத்த கட்டவுட் பெரும்பேர் பெற்றது. கட்டவுட் ஓவியர்கள் சின்னப் படத்தின்மேல் கட்டம் போட்டு, கட்டம் கட்டமாகப் பெரிதாக்கி, பலகை பலகையாகச் சவுக்குக் கட்டைமேல் ஏற்றினார்கள். பெரிய சினிமா போஸ்டரும் பல தாளாக வந்து சுவரில்தான் ஓருருவம் ஆகும். ஃப்ளெக்ஸ்கூடப் பத்தடி அகலம் தாண்டினால் பெரும்பாலும் ஒட்டுதான். ஆக, இந்த ஊர்ச் சுவரில் பெரிய மனிதர் ஒரே துண்டாக ஏறுவது அபூர்வம். சுவரில் இருக்கும் முகம் விளையாட்டல்ல என்பதற்குப் பா. ரஞ்சித்தின் 'மெட்ராஸ்' (2014) படம் சாட்சி.

இனி கணக்கு. 16 ஏ4 தாள் சேர்ந்தால் ஒரு ஏ0. பரப்பு 1 சதுர மீட்டர். கேட்க அழகாக இருப்பதால் கடைக்காரர் நாலுக்கு நாலு என்று போட்டுவிடுகிறார். இங்கேதான் விபரீதம். இரட்டைப்படையில் பிரித்தால் நட்டநடுவே ஒட்டு விழும்; நட்டநடுவே இருப்பது மூக்கு. பசை தடவியவர் இம்மி பிசகினாலும், "இன்னா நைனா, தலைவரு மூக்கு கோணிக்கிச்சு?" என்று கூட்டம் கூடிவிடும். மொய்யில் 100 வைக்காமல் 101 வைக்கும் சமூகத்துக்கு ஒற்றைப்படையின் அருமையை விளக்கவேண்டியதில்லை. மூன்று பத்தியாகப் பிரித்தால் மூக்கு நடுத்தாளில் பத்திரமாக இருக்கும். ஒட்டு காதோரம் போகும். காதுக்காக யாரும் சண்டைக்கு வருவதில்லை.

மென்பொருள்களில் ஃபோட்டோஷாப் பெரிய பண்டிதர். ஆனால் அச்சிடும்போது தானாகத் துண்டு போடத் தெரியாது, கோடு இழுத்து நாமே வெட்டவேண்டும். கோரல் டிராவுக்கு அது தெரியும். அக்ரோபேட் ரீடரின் 'போஸ்டர்' வசதி, வெட்டுக்குறியும், தாள்மேல் தாள் படிவதற்கான மேற்படிவும் சேர்த்தே தரும். ஏழை பெயின்ட்டுக்கும் இந்த வித்தை வரும் என்பது பண்டிதருக்கு அவமானம்தான். மேற்படிவு கட்டாயம்: பிரின்டர் தாளின் ஓரத்தில் சில மில்லிமீட்டரைத் தொடாது.

வாட்ஸப்பில் வந்த படம் தனி இயல். நீளவாட்டில் 1,600 பிக்சல் உள்ள படத்தை ஏ0 உயரத்துக்கு இழுத்தால் அங்குலத்துக்கு 34 புள்ளிதான் தேறும். எதிர்ப் பிளாட்பாரத்திலிருந்து பார்த்தால் மீசை. கிட்டே போனால் செங்கல் அடுக்கு.

பசையின் ஈரத்தில் தாள் ஒரு திசையில் கூடுதலாக விரியும். ஆகவே எல்லாத் தாளும் ஒரே வாக்கில் இருக்கவேண்டும். எண்ணூர்க் கடற்காற்று மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். சாதாரண இங்க்ஜெட் மை ஈரம் பட்டால் ஒழுகும்; லேசர் அச்சு ஒழுகாது. கண்ணீர் அஞ்சலிக்கு இங்க்ஜெட் பொருந்தும் என்று வாதிடலாம். பிறந்தநாளுக்கு வேண்டாம்.

முடிவு: தாளைப் படுக்கைவாட்டில் வைத்து, 3 பத்தி, 5 வரிசை. ஒரு சென்டிமீட்டர் மேற்படிவு போக 871 மில்லிமீட்டர் அகலம், 1,010 உயரம். மொத்தம் 15 தாள். கடையில் 16-க்குக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.